புல்லட் 350-ஐ 500 ஆக்கினால்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பழைய 350 புல்லட்டை ஏற்றியவர்களுக்குத் தெரியும்: பின்னால் ஆள் உட்கார்ந்தால் வண்டி மூச்சு வாங்கும், சில வளைவுகளில் முதல் கியர்தான் கதி. 500 ஆக மாற்றிய வண்டியில் அதே மலையை ஏறினேன். வளைவு திரும்பி ஆக்சிலேட்டரை லேசாக முறுக்கினால் இரண்டாவது கியரிலேயே இழுத்துக்கொண்டு போகிறது. குதிரைத்திறன் கணக்கில் 18 என்பது 22 ஆகிறது, அவ்வளவுதான். சுகமெல்லாம் குறைந்த வேகத்தில் கிடைக்கும் இழுவையில்தான்.

திருவொற்றியூரில் உருவான இந்த இரும்பு பிளாக் இன்ஜின்களில் 350, 500 இரண்டுக்கும் ஸ்ட்ரோக் ஒன்றே: 90 மி.மீ. போர் மட்டும் 70, 84 என்று மாறும். அதனால்தான் "பிளாக், பிஸ்டன், ஹெட், கார்புரேட்டர் மாத்தினா போதும் சார்" என்று பட்டறைகளில் சொல்கிறார்கள். போதாது. பெரிய பிளாக் உட்கார கிராங்க் கேஸின் வாயை மெஷினில் கடைந்து அகலமாக்க வேண்டும். கனமான பிஸ்டனுக்கு ஏற்ப ஃப்ளைவீலை மறுபடி பேலன்ஸ் செய்ய வேண்டும். இதைத் தவிர்த்துக் கட்டிய வண்டியையும் ஓட்டிப் பார்த்தேன். ஹேண்டில்பாரில் கை மரத்துப்போனது.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஆயில். டைமிங் பக்கம் இரண்டு பம்புகள் உண்டு. ஒன்று பிக் எண்டுக்கு ஆயில் அனுப்பும், மற்றது கீழே வடிந்ததைத் திரும்ப உறிஞ்சும். பழைய பிக் எண்டில் ரோலர் கிடையாது, மிதக்கும் புஷ்தான். ஆயில் அழுத்தம் குறைந்தால் முதலில் சாவது அதுதான். ஆயில் கிராங்குக்குள் நுழையும் இடத்தில் இருப்பதோ சின்னஞ்சிறு கார்க் சீல். அது தேய்ந்திருந்தால் எத்தனை விலை உயர்ந்த பிஸ்டன் போட்டும் பயனில்லை. அதிகத் திறன் உள்ள பம்புகள், ரோலர் பிக் எண்டு, புது கார்க் சீல் இந்த மூன்றுக்கும் முதலில் பணம் ஒதுக்குங்கள். மிஞ்சியதில் மேல்பாகத்தைப் பாருங்கள்.

முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் நெடுஞ்சாலையில் இன்ஜின் அலறாமல் ஓடுகிறது. பிரேக்கில் சமரசமே கூடாது. 500-இல் வந்த 7 அங்குல இரட்டை லீடிங் ஷூ டிரம்மாவது இருக்க வேண்டும். கிக்கர் கனக்கும். ஆனால் ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை அதை நகர்த்தி, டீகம்ப்ரஸரைப் பிடித்துச் சற்றே தாண்டவிட்டு மிதிக்கும் பழக்கம் வந்துவிட்டால் சிரமமில்லை.

ஆனால் கடைந்த கிராங்க் கேஸில் பழைய 350 பிளாக் மறுபடி சரியாக உட்காராது. இன்ஜின் எண் இருப்பதும் அதே கேஸில்தான். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் பழைய வண்டி உங்களிடம் இருந்தால் தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள். ஏற்கெனவே பாதி உதிரிகள் மாறிப்போன, பட்டறை மூலையில் கிடக்கும் இன்ஜினில் இதைச் செய்யுங்கள். செலவுக்குத் தகுந்த வண்டி கிடைக்கும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சி.சி. மாறுவதால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும். பட்டறைக்குப் போகுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.