கல்லூரி அரங்கும் வெளியுலகும்: வசார் பரிசோதனை அரங்கு பற்றிய ஒரு மதிப்பீடு

நாடகத்தைக் கல்லூரியிற் பயில்வதனால் யாது பயன் என்னும் வினாவுக்குப் பொதுவாக இரு விடைகள் கூறப்படுவதுண்டு. அரங்கிலே தொழில்புரிய விரும்புவோருக்கு அது தொழிற் பயிற்சி என்பது ஒன்று. ஏனையோருக்கு அது இரசனையைப் பண்படுத்தி ஆளுமையை வளர்க்கும் என்பது மற்றொன்று. இவ்விரு விடைகளும் தம்முள் முரண்பட்டவை போலத் தோன்றினும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றன. இரண்டுமே கற்கும் தனிமனிதனோடு நின்றுவிடுகின்றன. அம்மனிதன் யார் முன்னிலையில், எவரைப் பற்றி, எவரது நலனுக்காக நாடகம் ஆடுகின்றான் என்ற கேள்வியை அவை எழுப்புவதில்லை. நாடகமும் அரங்கியலும் எமது பல்கலைக்கழகங்களிற் பாடநெறியாக இடம்பெறும் இன்றைய நிலையில் இக்கேள்வி எமக்கும் உரியதே. அதனை ஆராய்வதற்கு ஐக்கிய அமெரிக்காவின் ஒரு கல்லூரியில் 1925க்குப் பின் நிகழ்ந்த முயற்சியொன்றை இங்கு எடுத்துக்கொள்கின்றேன். வசார் கல்லூரியிலே ஹலி பிளனகன் அம்மையார் நடத்திய பரிசோதனை அரங்கே அம்முயற்சியாகும்.

அமெரிக்கக் கல்வி மரபிலே தாராண்மைக் கலைக் கல்லூரி என வழங்கப்படுவது, குறித்த ஒரு தொழிலுக்கு ஆயத்தஞ் செய்யாது, இலக்கியம், வரலாறு, தத்துவம், விஞ்ஞானம் ஆகியவற்றைப் பரந்த அடிப்படையிற் கற்பிக்கும் இளநிலைக் கல்லூரியாகும். இம்மரபிலே நாடகம் நெடுங்காலமாக நூலாகவே வாசிக்கப்பட்டது. சோபொக்கிளிசையும் ஷேக்ஸ்பியரையும் வகுப்பிலே படிக்கலாம். ஆனால் மேடையமைப்பதும் விளக்கேற்றுவதும் கல்விப் பணிகளாகக் கருதப்படவில்லை. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் நாடக எழுத்துப் பயிற்சியை நடத்திப் புகழ்பெற்ற பேராசிரியர் ஜோர்ஜ் பியர்ஸ் பேக்கர், அங்கு தமது பணிக்கு ஏற்ற அரங்கு கிடைக்காத நிலையில் 1925இல் யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அவரிடம் பயின்ற பிளனகன் அதே ஆண்டில் வசார் கல்லூரிக்கு வந்தார். ஆசிரியர் சென்ற வழி தொழில்முறை நாடகக் கல்விக்கு இட்டுச் சென்றது. மாணவி சென்ற வழி வேறு. நடிகைகளாக வரப்போகாத மாணவியருக்கு அரங்கக்கலையைக் கற்பிக்கும் பொறுப்பை அவர் ஏற்றார்.

வசார் எத்தகைய கல்லூரி என்பதை மறந்துவிட்டு இம்முயற்சியை மதிப்பிடுதல் இயலாது. நியூயோர்க் மாநிலத்தின் பொக்கிப்ஸி நகரில் 1861இல் நிறுவப்பட்ட இக்கல்லூரி அக்காலத்தில் பெண்களுக்கே உரியதாயிருந்தது. அங்கு கற்றோரிற் பெரும்பாலோர் வசதிபடைத்த குடும்பத்தினர். கறுப்பினத்தவரென வெளிப்படையாக அறியப்பட்ட மாணவியொருத்தி அங்கு அனுமதிக்கப்படுவதற்கு 1940 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாராண்மைக் கல்வியின் தாராளம் எத்துணை எல்லைக்குட்பட்டது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பிளனகன் 1926இல் குகன்ஹைம் புலமைப்பரிசில் பெற்று ஐரோப்பிய அரங்குகளைக் கண்டு வந்தார். சோவியத் ஒன்றியத்தில் மேயர்ஹோல்டின் அரங்கு அவரை மிகவும் கவர்ந்தது. நாடு திரும்பிய பின், 1927இல், செக்கோவின் சிறு நாடகமாகிய ‘திருமணப் பேச்சு’ என்பதை ஒரே மாலையில் மூன்று முறை, மூன்று பாணிகளில் அவர் மேடையேற்றினார். முதலில் யதார்த்தப் பாணி. அடுத்து வெளிப்பாட்டுவாதப் பாணி. இறுதியில் மேயர்ஹோல்டைப் பின்பற்றிய கட்டமைப்புவாதப் பாணி. எழுத்துரு ஒன்றே, அரங்கு மூன்று. மேடையிற் காணும் எதுவும் இயல்பானதன்று, ஒவ்வொன்றும் எவராலோ தெரிவுசெய்யப்பட்டது என்னும் உண்மையை இதைவிடத் தெளிவாகக் கற்பித்தல் அரிது. யதார்த்தமுங்கூட ஒரு பாணியே என்பதை உணர்ந்த மாணவி, சமூகத்தில் ‘இயல்பு’ எனக் கூறப்படுவனவற்றையும் ஐயத்துடன் நோக்கத் தொடங்குவாள் என எதிர்பார்க்கலாம்.

ஆயின் எதிர்பார்ப்பு வேறு, நிகழ்வு வேறு. மேயர்ஹோல்டின் கட்டமைப்புவாதம் ஒரு புரட்சியின் பின்னணியில், புதிய பார்வையாளருக்காகப் பிறந்தது. அது பொக்கிப்ஸியின் கல்லூரி மண்டபத்துக்கு வந்தபோது அப்பின்னணி உடன் வரவில்லை. வடிவம் மட்டுமே வந்தது. உள்ளடக்கத்திலிருந்து பிரிக்கப்பட்ட வடிவம் எவ்வளவு திறமையாகக் கையாளப்பட்டாலும் அறிவுசார் விளையாட்டாக எஞ்சிவிடும் அபாயம் உண்டு. 1927இன் தயாரிப்பு இவ்வபாயத்தின் விளிம்பில் நின்றது எனலாம். அதனைக் கடக்கச் செய்தது கல்லூரிக்கு வெளியே நிகழ்ந்த பொருளாதார நெருக்கடியே.

1930இல் ஏற்பட்ட கடும் வரட்சி ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஏழை விவசாயிகளைப் பட்டினிக்குத் தள்ளியது. 1931 ஜனவரி 3ஆந் திகதி, அம்மாநிலத்தின் இங்கிலன்ட் என்ற சிறு நகரிலே, நூற்றுக்கணக்கான விவசாயிகள் திரண்டு உணவு கோரினர். செஞ்சிலுவைச் சங்கத்தின் நிவாரண விண்ணப்பப் படிவங்கள் தீர்ந்துபோனமையே உடனடிக் காரணம். இந்நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டு விட்டேக்கர் சேம்பர்ஸ் எழுதிய கதையொன்று 1931 மார்ச்சில் ‘நியூ மாசஸ்’ என்ற இடதுசாரிச் சஞ்சிகையில் வெளியாயிற்று. பிளனகன் தமது முன்னாள் மாணவியான மார்கிரெட் எலன் கிளிபோர்டுடன் சேர்ந்து அதனை நாடகமாக்கினார். ‘அவர்களின் குரல்கள் உமக்குக் கேட்கின்றனவா?’ என்ற அந்நாடகம் 1931 மே 2ஆந் திகதி வசாரில் மேடையேறியது. நிகழ்ச்சிக்கும் மேடையேற்றத்துக்கும் இடையே நான்கு மாதங்களே கழிந்திருந்தன.

இந்நாடகத்தின் சிறப்புகள் மூன்று. முதலாவது, அதன் ஆக்கமுறை. சமகாலப் பத்திரிகைகளும் காங்கிரஸ் அவைப் பதிவுகளும் அதற்கு ஆதாரங்களாயின. காட்சிகளுக்கிடையே புள்ளிவிபரங்களும் செய்திகளும் திரையில் ஒளிப்படங்களாக வீழ்த்தப்பட்டன. கல்லூரியின் தனிச்சொத்தாகிய ஆய்வுமுறை இங்கே நாடக உத்தியாயிற்று. இரண்டாவது, அதன் காட்சியமைப்பு. பட்டினியால் வாடும் குடிசைகளுக்கு எதிரே வாஷிங்டனில் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் தம் மகளைச் சமூகத்துக்கு அறிமுகஞ் செய்யும் ஆடம்பர விருந்து நிறுத்தப்பட்டது. தன் குழந்தை பசியால் அணுவணுவாகச் சாவதைப் பார்க்கச் சகியாத தாய் அதனைத் தானே கொல்லும் நிகழ்ச்சியும் அதிலே உண்டு. மூன்றாவது, அதன் பார்வையாளர். அவ்விருந்து எத்தகையது என்பதை மண்டபத்தில் இருந்தோரிற் பலர் நன்கறிவர். தமது வர்க்கத்தின் கொண்டாட்டத்தையே மேடையில், பிறிதொரு வர்க்கத்தின் மரணத்துக்கு அருகில் வைத்துக் காணும் நிலைக்கு அவர்கள் உள்ளாயினர். ஒரு கல்லூரி தன் சொந்தப் பார்வையாளரை இவ்வாறு எதிர்கொள்ளத் துணிந்தமை பாராட்டுக்குரியது.

எனினும் நாடகத்தின் முடிவு தனியே நோக்கப்பட வேண்டியது. சேம்பர்ஸின் கதையில் இயங்குபவர்கள் விவசாயிகளே. தம்முள் ஒருவனான பொதுவுடைமைவாதியின் வழிகாட்டலில் அவர்கள் உணவைக் கைப்பற்றுகின்றனர். நாடகமும் அப்போராட்டத்தைக் காட்டுகின்றது. ஆனால் இறுதியில் அது பார்வையாளரை நோக்கித் திரும்பி, தலைமை தேடும் இம்மக்கள் படித்த சிறுபான்மையினரிடம் அதனைப் பெறுவார்களா என்ற பொருள்பட வினவுகின்றது. வரட்டுத்தனமாக நோக்கும் விமர்சகர் இதனை நடுத்தர வர்க்கச் சமரசம் என ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவர். அது நியாயமான தீர்ப்பாகாது. அம்மண்டபத்தில் விவசாயிகள் இருக்கவில்லை, இருந்தவர்கள் மாணவியர். அவர்களை நோக்கி ‘நீங்கள் என் செய்யப் போகின்றீர்கள்?’ என்று கேட்பதே அவ்விடத்தில் நேர்மையான செயல். ஆனால் அக்கேள்வியில் ஒரு குறைபாடும் அடங்கியுள்ளது. குரல் எழுப்புவோர் விவசாயிகளாயினும் வரலாற்றின் முடிவு அக்குரலைக் கேட்போரின் கையில் இருப்பதாக நாடகம் கருதுகின்றது. தலைப்பே அதனைக் காட்டிக்கொடுக்கின்றது. தாராண்மைக் கல்வியின் மனச்சாட்சி எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை இந்நாடகம் ஒருங்கே புலப்படுத்துகின்றது.

கல்லூரி மண்டபத்தில் உருவான உத்தி அதற்கு வெளியே சென்றபோது என்ன நிகழ்ந்தது என்பது அடுத்த கேள்வி. 1935இல் ரூஸ்வெல்ட் அரசாங்கம் வேலையற்ற அரங்கத் தொழிலாளருக்கு வேலையளிக்கும் பொருட்டுக் கூட்டாட்சி அரங்கத் திட்டத்தைத் தொடங்கியது. நிவாரண வேலைத் திட்டங்களுக்குப் பொறுப்பாயிருந்த ஹரி ஹொப்கின்ஸ், அயோவாவின் கிரினல் கல்லூரியில் பிளனகனுடன் ஒரே காலத்திற் பயின்றவர். அவரே பிளனகனை இத்திட்டத்தின் பணிப்பாளராக்கினார். உச்சநிலையில் ஏறத்தாழ 12,000 பேர் அதில் வேலைசெய்தனர். வரட்சி நாடகத்தின் முறை இங்கே ‘உயிருள்ள பத்திரிகை’ என்ற புதிய வடிவமாக விரிந்தது. விவசாயிகளின் நிலையையும் விவசாயச் சீராக்கச் சட்டத்தின் கதியையும் 1936இலும், மின்சாரத்தின் உடைமையை 1937இலும், சேரிகளின் வீடமைப்பை 1938இலும் இவ்வடிவம் பொருளாகக் கொண்டது. 1936 ஒக்டோபர் 27ஆந் திகதி பாசிச அபாயம் பற்றிய சின்கிளேயர் லூயிஸின் ‘இங்கே அது நிகழாது’ பல நகரங்களில் ஒரே இரவில் மேடையேறியது. திட்டத்தில் கறுப்பினக் கலைஞர்களின் தனிப் பிரிவுகளும் இயங்கின. ஹார்லெமில் 1936இல் அவர்கள் நடித்த ‘மக்பெத்’ பெரும் புகழ் பெற்றது. வசாரின் வாயில் அடைத்து வைத்திருந்தோருக்கு இவ்வரங்கிலே மேடை கிடைத்தது.

எதிர்ப்பும் அதற்கேற்ப வளர்ந்தது. ‘எதியோப்பியா’ என்ற முதலாவது உயிருள்ள பத்திரிகை 1936இல் பொதுமக்கள் காணுமுன்னரே தடுக்கப்பட்டது. 1938 டிசம்பர் 6ஆந் திகதி காங்கிரசின் டைஸ் குழு பிளனகனை விசாரித்தது. தொழிலாளர் அரங்கு பற்றி 1931இல் அவர் எழுதிய கட்டுரையிலே மார்லோவின் பெயரைக் கண்ட ஸ்டார்ன்ஸ் என்ற உறுப்பினர், அந்த மார்லோ ஒரு பொதுவுடைமைவாதியா என வினவினார். ஷேக்ஸ்பியருக்குச் சற்று முந்திய காலத்தின் மிகப் பெரும் நாடகாசிரியர் அவரெனப் பிளனகன் பதிலளித்தார். இவ்வுரையாடல் இன்றுவரை நகைச்சுவையாகவே நினைவுகூரப்படுகின்றது. படித்தோர் பாமரரான அரசியல்வாதியைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது. ஆனால் அச்சிரிப்பு எதனையும் காப்பாற்றவில்லை. 1939 ஜூன் 30ஆந் திகதி காங்கிரஸ் நிதியை நிறுத்தத் திட்டம் மூடப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். மார்லோ யாரென ஸ்டார்ன்ஸ் அறியாதிருக்கலாம். அரங்கு எவருடைய கைக்குச் சென்றால் ஆபத்தானது என்பதை அவரது குழு நன்கறிந்திருந்தது.

இங்கேதான் எமது வினாவுக்கான விடையின் முக்கிய பகுதி உள்ளது. 1931இல் வசாரில் மேடையேறிய நாடகம் அரசியல் அடிப்படையில் உயிருள்ள பத்திரிகைகளுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. சில இடங்களில் அவற்றைவிடக் கூர்மையானது என்றுங் கூறலாம். நெறிப்படுத்தியவரும் ஒருவரே, முறையும் ஒன்றே. ஆயினும் கல்லூரியில் அது பொறுத்துக்கொள்ளப்பட்டது. நாட்டில் அது நசுக்கப்பட்டது. வேறுபாடு பார்வையாளரிலும் உழைப்பிலுமே இருந்தது. கல்லூரியின் சுதந்திரம் பெரும்பாலும் அதன் சுவரினால் வழங்கப்படும் சுதந்திரம். சுவருக்குள்ளே கேட்கப்படும் கேள்வி எவரையும் வேலைநீக்கத்துக்கு ஆளாக்குவதில்லை. எவருக்கும் வேலை கொடுப்பதுமில்லை. இச்சலுகையை உணராது, தம் துணிவினாலேயே தாம் துணிவாக இருப்பதாகக் கருதும் கல்லூரி அரங்கு தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கின்றது.

அவ்வாறாயின் கல்லூரியில் நாடகம் பயில்வது வீண் என்பதா? அன்று. உயிருள்ள பத்திரிகையின் விதைகளுள் ஒன்று வசாரில் ஊன்றப்பட்டது என்பதை மறுக்க முடியாது. தோல்வியுற்றாலும் வேலை போகாத ஓரிடத்தில்தான் செக்கோவை மூன்று விதமாக ஆடிப்பார்க்கலாம்; நான்கு மாதத்துக்கு முந்திய செய்தியை நாடகமாக்கிப் பார்க்கலாம். பிளனகன் அவ்விடத்துக்கே மீண்டார். 1942இல் சிமித் கல்லூரியின் பீடாதிபதியாகச் சென்ற அவர், 1947இல் அணுசக்தியைப் பற்றிய உயிருள்ள பத்திரிகையொன்றை அங்கு மேடையேற்றினார். வெளியுலகிலே இடமிழந்த வடிவம் கல்லூரியில் உயிர்தரித்தது. பாதுகாப்பான இடம் என்பது கல்லூரியின் குறை மட்டுமன்று, அதன் பயனுங்கூட. அப்பாதுகாப்பு எதற்குச் செலவிடப்படுகின்றது என்பதே பிரச்சினை.

ஆகவே நாடகக் கல்வியை மதிப்பிட மூன்று அளவுகோல்களை இவ்வனுபவத்திலிருந்து வகுத்துக்கொள்ளலாம். மாணவர் தம் நாடகத்தின் பொருளைத் தாமே தேடி, ஆதாரங்களோடு ஆராய்கின்றனரா? எழுதுவோர், நடிப்போர், விளக்கேற்றுவோர் என்ற பிரிவினையைத் தாண்டி அரங்கைக் கூட்டு உழைப்பாக அனுபவிக்கின்றனரா? தம் மண்டபத்தில் இல்லாதவர்கள் யாவர் என்பதை அறிந்து, அவர்களிடம் செல்லும் வழியைத் தேடுகின்றனரா? வசார் முதலிரண்டிலும் சிறந்து விளங்கியது. மூன்றாவதற்கு அதன் ஆசிரியை கல்லூரியை விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

பரீட்சையும் புள்ளியும் பட்டமும் நாடகத்தைச் சூழ்ந்துகொள்ளும்போது முதலில் மறக்கப்படுவது இம்மூன்றாவது அளவுகோலே. மேடையேற்றம் மதிப்பீட்டுக்குரிய ஒப்படையாகச் சுருங்கிவிடுகின்றது; பார்வையாளர் பரீட்சகராகிவிடுகின்றனர். எமது நாடகத் துறைகளில் ஒரு தயாரிப்பு முடிந்து திரை வீழும்போது, ‘எத்தனை புள்ளி கிடைக்கும்?’ என்ற கேள்வியோடு, ‘இன்று இங்கு வராதவர் யார்?’ என்ற கேள்வியும் எழுமாயின், அக்கல்வி பயனுடையது எனத் தயக்கமின்றிக் கூறலாம்.