கட்டில் கால் போல மூன்று பேர்

கதை எழுதுகிறவனுக்கு சர்க்கார் அறிக்கைகளோடு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆஸ்பத்திரிகளைப் பற்றிய அறிக்கைகளை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். ஒரு பெரிய நாவலுக்கு வேண்டிய சரக்கு அத்தனையும் அவற்றில் இருக்கிறது. ஆசை இருக்கிறது, வாக்குறுதி இருக்கிறது, காத்திருத்தல் இருக்கிறது, பண விவகாரம் ஏராளமாக இருக்கிறது. இல்லாமல் போனது பாத்திரங்கள்தாம். ஆகவே, ஒரு வாசகன் என்ற முறையில் அவற்றைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல எனக்கும் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன்.

முதல் புத்தகம் 1946-ல் வெளிவந்தது. 1943-ல், யுத்தமும் வங்காளப் பஞ்சமும் ஒன்றாக நடந்துகொண்டிருந்த வேளையில், ஸர் ஜோசப் போர் என்பவரின் தலைமையில் வெள்ளைக்கார சர்க்கார் ஒரு கமிட்டியை நியமித்தது. இந்த தேசத்து ஜனங்களின் ஆரோக்கியம் எப்படி இருக்கிறது, எப்படி இருக்கவேண்டும் என்று ஆராய்ந்து அது நான்கு பாகங்களில் அறிக்கை எழுதியது. தலைவரின் பெயரைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். புஸ்தகம் அப்படி ஒன்றும் போர் அடிப்பதில்லை. கையில் காசு இல்லை என்ற காரணத்துக்காக ஒருவனுக்கும் வைத்தியம் இல்லாமல் போகக்கூடாது என்ற அடிப்படையை வைத்துக்கொண்டு, அதன்மேல் செங்கல் செங்கலாகக் கணக்குப் போட்டுக்கொண்டு போகிறார்கள். பத்தாயிரம் முதல் இருபதாயிரம் பேருக்கு 75 படுக்கை உள்ள ஓர் ஆஸ்பத்திரி. அதற்கு மேலே 650 படுக்கை உள்ளது ஒன்று. முப்பது லட்சம் ஜனங்கள் உள்ள ஜில்லாவின் தலைநகரில் 2,500 படுக்கை. அப்போது பிரிட்டிஷ் இந்தியாவில் ஆயிரம் பேருக்கு இருந்தது 0.24 படுக்கை, அதாவது நாலாயிரம் பேருக்கு ஒன்று. காலக்கிரமத்தில் இதை ஆயிரத்துக்கு 5.67 ஆக்கவேண்டும் என்றது கமிட்டி. அதே 1946-ல் அமெரிக்காவில் ஹில்-பர்ட்டன் சட்டம் வந்தது. அவர்கள் வைத்த குறி ஆயிரத்துக்கு 4.5. தரித்திர தேசத்துக் கமிட்டி பணக்கார தேசத்தைவிடப் பெரிய கனவு கண்டதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. கனவுக்கென்ன காசா பணமா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

சுதந்திரம் வந்தது. 1952 அக்டோபர் 2-ந் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் ஆரம்பமாயிற்று. கமிட்டி உடனடியாகச் செய்யச் சொன்னது 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். நடைமுறையில் கிடைத்தது வட்டாரத்துக்கு ஒன்று. வட்டாரமோ 40,000-ஐத் தாண்டி எங்கேயோ இருந்தது.

இந்த இடத்தில்தான் கதையில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் வருகிறது. போர் கமிட்டியில் நம் சென்னையைச் சேர்ந்த ஓர் அங்கத்தினர் இருந்தார்: டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார். 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். 1959-ல் சர்க்கார் மறுபடியும் ஒரு கமிட்டி நியமித்தபோது அவரையே தலைவராகப் போட்டது. பதின்மூன்று வருஷங்களுக்கு முன் தாமும் சேர்ந்து எழுதிய புஸ்தகம் என்ன கதி ஆயிற்று என்று அவரே போய்ப் பார்க்கவேண்டிய நிலை! எந்த நாவலாசிரியனும் இதைவிட நல்ல சந்தர்ப்பத்தைக் கற்பனை செய்துவிட முடியாது. 1961-ல் அவர் கொடுத்த அறிக்கையின் சாரம், புதிது புதிதாகத் திறந்துகொண்டே போகாதீர்கள், திறந்திருப்பதை முதலில் ஒழுங்காக நடத்துங்கள் என்பதுதான். அறிக்கை நடையில் சொன்னதால் அதில் கோபம் தெரியாது. எனக்கென்னவோ வரிகளுக்கு அடியில் கேட்கிறது.

அப்புறம் கமிட்டிகளும் கொள்கைகளும் எத்தனையோ வந்தன. எல்லாவற்றையும் இங்கே சொல்ல அவசியமில்லை. 2017-ம் வருஷத்துத் தேசிய சுகாதாரக் கொள்கை ஆயிரம் பேருக்கு 2 படுக்கை என்றது. 2022-ல் திருத்தப்பட்ட இந்தியப் பொதுச் சுகாதாரத் தர விதிகள், அந்த 2 இருந்தால் நல்லது, 1 கட்டாயம் என்றன. நம் ஊர்ப் பாட்டிமார் சொல்லும் வேடிக்கை உங்களுக்கு ஞாபகம் வருகிறதா? பஞ்ச பாண்டவர் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, "எனக்குத் தெரியாதா? கட்டில் கால் போல மூன்று பேர்" என்று சொல்லி, இரண்டு விரலைக் காட்டி, சிலேட்டில் ஒன்று என்று எழுதினானாம். ஐந்தே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவில் ஆரம்பித்த கணக்கு, இரண்டாகி ஒன்றுக்கு வந்து நிற்பதைப் பார்க்கும்போது அந்தப் பையன் எந்த இலாகாவில் உத்தியோகம் பெற்றான் என்று தெரிகிறது.

ஆனால் விமர்சகன் என்றால் எதிர்க்கட்சி வக்கீலாக இருக்கக்கூடாது. 1946-ல் க்ஷயரோகம் வந்தவன் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தான். இன்று மாத்திரையோடு வீட்டுக்கு வந்துவிடுகிறான். கண்புரைக்காரர் அன்று சாயங்காலமே திரும்பி விடுகிறார். ஆகவே, பழைய எண்ணை அப்படியே பிடித்துக்கொண்டு தொங்குவதும் சரியல்ல. கனவு சிறுத்ததற்கு வைத்திய சாஸ்திரத்தின் முன்னேற்றம் எவ்வளவு காரணம், பணமுடை எவ்வளவு காரணம் என்று எந்த அறிக்கையாவது பிரித்துச் சொல்லியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

எண்களை ஊருக்குக் கொண்டுவந்து பார்ப்போம். 1989-ல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்த திருவண்ணாமலை ஜில்லாவில் 2011-ம் வருஷத்து ஜனத்தொகை 24,64,875. 1946-ல் இருந்த விகிதப்படி இவர்களுக்கு 592 கட்டில். போர் கமிட்டி ஆசைப்பட்டபடி சுமார் 14,000. 2017-ன் கொள்கைப்படி 4,930. 'கட்டாயம்' என்ற கணக்கில் 2,465. வேலூர் ரஸ்தாவில் வேங்கிக்காலில் கலெக்டர் கச்சேரி இருக்கிறது. 2013-ல் நூறு மாணவர்களோடு தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் அந்தப் பக்கத்தில்தான். மனுக் கொடுக்க வந்தவரும், மருமகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்தவரும் அந்த ரஸ்தாவில் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். அதே ரஸ்தாவில் பஸ்ஸைவிட்டு இறங்காமல் நேரே வேலூருக்குப் போய், 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஆரம்பித்த ஆஸ்பத்திரியில் கடன் வாங்கியாவது காட்டிவிட்டு வருகிறவர்களும் உண்டு. எத்தனை பேர் இங்கே இறங்குகிறார்கள், எத்தனை பேர் இறங்காமல் போகிறார்கள் என்பதுதான் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியைப் பற்றிய சரியான விமர்சனம். எந்த அறிக்கையிலும் அந்தக் கணக்கை நான் பார்த்ததில்லை.

ஜனத்தொகைக் கணக்கில் இன்னொரு வேடிக்கை. ஜில்லாவுக்கு இத்தனை கட்டில் என்பது இங்கே குடியிருப்பவர்களை எண்ணிப் போட்டது. கார்த்திகை தீபத்தன்றும் பௌர்ணமிதோறும் பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் வரும் லட்சோபலட்சம் ஜனங்களை எந்த விகிதத்தில் சேர்ப்பது? அருணாசலேசுவரர் அவர்களை எண்ணிக்கொள்வார். நிதி இலாகா எண்ணுமா? ஜவ்வாது மலைக்கும் இதே சங்கடம், வேறு மாதிரி. மலைப் பிரதேசத்தில் 20,000 பேருக்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று விதி தாராளமாகத்தான் இருக்கிறது. ஜமுனாமரத்தூரிலிருந்து ராத்திரியில் ஜன்னி கண்ட குழந்தையைக் கீழே கொண்டுவர எத்தனை நாழிகை ஆகும் என்பதை எந்த விகிதத்தில் எழுதுவது?

இனி பணத்துக்கு வருவோம். சர்க்கார் கணக்குப் புஸ்தகத்தில் வைத்தியத்துக்கு இரண்டு பெரிய தலைப்புகள் உண்டு: 2210, 4210. கட்டிடமும் பெரிய யந்திரமும் 4210. டாக்டர் சம்பளம், நர்ஸ் சம்பளம், மருந்து, கரண்டு, கக்கூஸ் கழுவும் பினாயில் எல்லாம் 2210. முன்னது மூலதனம், பின்னது வருஷாவருஷம் போகும் செலவு. அஸ்திவாரக் கல்லில் மந்திரிகள் பெயர் பொறிப்பது 4210-க்குத்தான். 2210-க்கு எந்தக் காலத்தில் யார் கல் நாட்டினார்கள்? 2022 ஜனவரி 12-ந் தேதி தமிழ்நாட்டில் பதினொரு மருத்துவக் கல்லூரிகளை ஒரே நாளில் திறந்தார்கள். சுமார் 4,000 கோடி ரூபாய்ச் செலவில் 2,145 கோடி மத்திய சர்க்கார் கொடுத்தது. சந்தோஷமான விஷயம், இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் திட்டத்தின் நிபந்தனையைக் கவனியுங்கள். கட்டுவதற்கு நூற்றுக்கு அறுபது டில்லி தரும். கட்டிய பிறகு நடத்துவது மாநிலத்தின் பாடு. கல்யாணத்துக்கு மொய் எழுதியவர் குடித்தனத்துக்குப் பொறுப்பாவாரா?

ஒரு புது வார்டு என்பது நம் பத்திரிகைகளில் முன்பு நாலு ஆசிரியர்கள் சேர்ந்து எழுதிய தொடர்கதை மாதிரி. முதல் அத்தியாயம் பொதுப்பணித் துறை. அவர்கள் சுவர் எழுப்புகிறார்கள். இரண்டாவது மருத்துவப் பணிகள் கழகம், யந்திரம் வாங்குகிறது. மூன்றாவது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்; ஆள் பொறுக்குகிறது. நாலாவது நிதி இலாகா. எல்லோருக்கும் பேனாவில் மை ஊற்றுகிறது. ஒருவர் அத்தியாயத்தில் கதாநாயகி ரயில் ஏறினால் அடுத்தவர் அத்தியாயத்தில் மாட்டுவண்டியில் வந்து இறங்குவாள். கட்டிடம் முடிந்திருக்கும், லிப்டு வந்திராது. யந்திரம் வந்திருக்கும், அதை இயக்கத் தெரிந்தவர் வந்திருக்கமாட்டார்.

இதையெல்லாம் கண்காணிக்க ஓர் ஏற்பாடு நம் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை 151-வது ஷரத்தின்படி கவர்னரிடம் போய், சட்டசபையில் வைக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளைப் பற்றி 2016 முதல் 2022 வரையிலான காலத்தை ஆராய்ந்த தணிக்கை, 2024-ல் வெளிவந்தது. தணிக்கைக்காரர்கள் கெட்டிக்காரர்கள், அவர்கள் கண்ணுக்கு ஒரு ரூபாய் தப்பாது. ஆனால் 2016-ல் பாயில் படுத்திருந்த நோயாளி, ஒன்று குணமாகிப் போயிருப்பார் அல்லது போயே போயிருப்பார். பிரேத பரிசோதனையில் எவ்வளவு சாமர்த்தியம் இருந்தாலும் அது வைத்தியமாகாது.

அதைவிட என்னை உறுத்துவது அந்த நடை. "காலதாமதம் ஏற்பட்டது." "பணியிடங்கள் நிரப்பப்படவில்லை." இவற்றுக்கு இலாகா கொடுக்கும் பதில்: "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது." தமிழ் வாத்தியார் எவரிடமாவது காட்டி, தாமதம் செய்தது யார், நிரப்பாதது யார், நடவடிக்கை எடுப்பது யார் என்று கேளுங்கள். செய்தவன் பெயர் சொல்லாத செயப்பாட்டு வினை, சர்க்கார் தமிழுக்குக் கிடைத்த மகத்தான வரப்பிரசாதம். காலதாமதம் தானாக ஏற்படுகிறது, மழை பெய்கிற மாதிரி. மழைக்கு யாரைக் கோபித்துக்கொள்வது? என் கதை ஒன்றில் இப்படி ஒரு வாக்கியம் எழுதினால் பத்திராசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

மதுரைக்குப் பக்கத்தில் தோப்பூரில் ஓர் எய்ம்ஸ் ஆஸ்பத்திரி என்று 2018-ல் முடிவாயிற்று. மதிப்பீடு 1,264 கோடி. 2019 ஜனவரியில் அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். ஜப்பானில் கடனுக்கு ஏற்பாடு செய்தார்கள். 2021 தேர்தலில் ஒற்றைச் செங்கல் மேடையேறிப் பிரசாரம் செய்தது. மதிப்பீடு 1,977 கோடிக்கு மேல் போயிற்று. 2022-ல் மாணவர்கள் சேர்ந்தார்கள். கட்டிடம் இல்லாததால் ராமநாதபுரத்தில் போய்ப் படித்தார்கள். 2024-ல்தான் கட்டிட வேலை உருப்படியாக ஆரம்பமாயிற்று. இதே தமிழ்நாட்டில் கிண்டியில் ஆயிரம் படுக்கை ஆஸ்பத்திரி ஒன்றைச் சுமார் பதினைந்து மாதத்தில் கட்டி 2023 ஜூனில் திறந்துவிட்டார்கள். முடியாது என்பதில்லை. ஒரே சர்க்கார் பணத்தையும் பேனாவையும் ஒரே கையில் வைத்திருந்தால் எவ்வளவு வேகம் வருகிறது என்பதைப் பாருங்கள்.

இது நம்முடைய தனிச் சொத்து என்று நினைத்து வெட்கப்பட வேண்டாம். இங்கிலாந்தில் 1962-ல் ஈனக் பவல் என்ற மந்திரி, பத்து வருஷத்தில் 90 புது ஆஸ்பத்திரிகள் கட்டுவேன், 134-ஐப் புதுப்பிப்பேன் என்று திட்டம் போட்டார். செலவு கைமீறித் திட்டம் இழுத்துக்கொண்டு போயிற்று. 2020-ல் அங்கே மறுபடியும், 2030-க்குள் 40 புது ஆஸ்பத்திரி என்றார்கள். 2023-ல் அவர்களுடைய தணிக்கை அலுவலகம் 32-தான் தேறும் என்றது. புது சர்க்கார் 2025-ல் பலவற்றை 2030-க்கு அப்பால் தள்ளிவைத்தது. நடுவே 2014-க்கும் 2019-க்கும் இடையில் கட்டிடத்துக்கு ஒதுக்கிய பணத்தில் 430 கோடி பவுனை எடுத்து அன்றாடச் செலவுக்குப் போட்டுக்கொண்டார்கள். அங்கே கூரை ஒழுகுகிறது, இங்கே கூரை புதிது, அடியில் ஆள் இல்லை. ஆனால் அவர்களுடைய தணிக்கை நடக்கப் போவதை முன்கூட்டியே சொல்கிறது. நம்முடையது நடந்து முடிந்ததைச் சொல்கிறது.

நாம் ஏன் முன்கூட்டிச் சொல்லக்கூடாது? இதற்கு வேண்டிய வித்தை நம்மிடமே இருக்கிறது. 1994-ல் ஏற்பட்ட நம் மருத்துவப் பணிகள் கழகத்தைப் பார்த்து மற்ற மாநிலங்கள் காப்பியடித்தன. ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ் புஸ்தகம். எந்தக் கிடங்கில் என்ன மாத்திரை எவ்வளவு மிச்சம் என்று கம்ப்யூட்டரைத் தட்டிச் சொல்லிவிடுகிறார்கள். பாராசிட்டமால் மாத்திரையை எண்ணத் தெரிந்தவர்களுக்கு ராத்திரி டியூட்டி நர்ஸை எண்ணத் தெரியாதா? கட்டில் என்றால் இரும்புச் சட்டம் மட்டுமல்லவே. மெத்தை, பிராணவாயு, குளுகோஸ் ஸ்டாண்டு, கூப்பிட்டால் வரக்கூடிய ஒரு மனுஷி - இத்தனையும் சேர்ந்தால்தான் கட்டில். படுக்கைகளில் நூற்றுக்கு 85 நிரம்பினாலே ஆபத்து ஆரம்பம் என்று ஆங்கில நிபுணர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். நம் பிரசவ வார்டுகளில் நூற்றுக்கு நூறைத் தாண்டிய கணக்கைச் சாதனை மாதிரி அச்சடிக்கிறோம். நூற்றுக்கு மேற்பட்டவர் எங்கே படுத்திருந்தார் என்ற கேள்வி அச்சடித்தவருக்கும் தோன்றவில்லை, வாசித்தவருக்கும் தோன்றவில்லை.

4210-ல் ஒரு கட்டிடத்துக்குக் கையெழுத்துப் போடும் அன்றைக்கே, அதே காகிதத்தில், 2210-ல் அதற்கு எத்தனை நர்ஸ், எத்தனை டாக்டர், எந்த மாதத்திலிருந்து என்றும் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். மாதாமாதம் வாசலில் ஒரு கரும்பலகை வைக்கட்டும்: அனுமதித்த கட்டில் இத்தனை, ஆளோடு இருக்கும் கட்டில் இத்தனை, நேற்று ராத்திரி தரையில் படுத்தவர் இத்தனை பேர், ரிப்பேரில் கிடக்கும் யந்திரம் இன்னது, அதைப் பற்றி யார் யாருக்கு என்ன தேதியில் எழுதியிருக்கிறார். ரேஷன் கடையிலே சரக்கு இருப்பை எழுதிப் போடச் சொல்லவில்லையா? அதே சாக்குக்கட்டி போதும்; வேங்கிக்கால் கடைகளிலேயே கிடைக்கும். அந்தப் பலகையில் எழுதும்போது மட்டும் வாக்கியத்துக்கு எழுவாய் அவசியம் இருக்கவேண்டும் என்று கலெக்டர் ஒரு உத்தரவு போட்டால் நல்லது.