மெல்லியலாரும் மெலியாரும்

சென்ற தவணையில் பத்தாம் வகுப்பு மாணவர்க்கு மொழிபெயர்ப்புப் பயிற்சியொன்று கொடுத்தோம். தேயிலைப் பெட்டியொன்றின்மேல் அச்சிடப்பட்டிருந்த ஆங்கில வாசகமே பயிற்சிக்குரிய பகுதி. நுவரெலியாத் தேயிலையின் மணத்தைப் புகழ வந்த அவ்வாசகத்தில் 'டெலிக்கேற்' என்னும் அடைமொழி இருந்தது. பலர் 'மென்மையான' என்று எழுதினர். அகராதியைப் புரட்டிய சிலர் 'நுண்ணிய' என்றனர். நகரிலிருந்து வரும் மாணவன் ஒருவன் 'நாசூக்கான' என்று எழுதித் தன் திறமையைக் காட்டினான். இறப்பர்த் தோட்டத்து லயத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி மட்டும் 'பூஞ்சையான' என்று எழுதியிருந்தாள். வகுப்பு சிரித்தது. அவளோ அச்சொல்லைத் தோட்டத்து வைத்தியசாலையில் தன் தாயைக் குறித்துச் சொல்லக் கேட்டிருக்கிறாள். "அம்மாவுக்குப் பூஞ்சை ஒடம்பு" என்பதுதான் அவளுக்குக் கிடைத்த விளக்கம்.

நால்வகை விடையில் எதுவும் பிழையன்று. ஒரு சொல் இப்படி நான்கு திசையில் நடப்பதேன் என்று நாம் எண்ணத் தொடங்கியதன் பயனே இக்கட்டுரை. சொல்லாராய்ச்சி பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று நம் முற்போக்கு நண்பர் சிலர் கருதுவதுண்டு. சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வுகள் சொற்களின் பொருளிலும் படிந்து கிடக்கின்றன என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இச்சொல்லுக்கு மூலமான இலத்தீன் 'டெலிக்காத்துஸ்', இன்பந் தருவது, சுகபோகத்தில் திளைப்பது, செல்லமாக வளர்க்கப்பட்டது என்னும் பொருள்களில் வழங்கியது. பதினான்காம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தில் அது புகுந்தபோதும் இன்சுவையும் சுகவாழ்வுமே அதன் பொருளாக இருந்தன. எளிதில் ஊறுபடுவது, நோய்க்கு இலக்காவது என்னும் பொருள் பதினாறாம் நூற்றாண்டிலேதான் தெளிவாகத் தலைகாட்டுகிறது. இந்த வரிசை நம் சிந்தனைக்குரியது. சுகம் முந்தியது, நொய்மை பிந்தியது. உழைக்க வேண்டாத உடல் வெயிலையும் மழையையும் தாங்காது. தாங்காமையே உயர்குலத்தின் அடையாளமாகிப் பின்னர் அழகுமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் செல்வர் வீட்டுப் பெண்டிர் நலிந்த உடலினராய்ச் சாய்வு நாற்காலியில் கிடப்பதை நாகரிகமெனக் கொண்டாடிய காலத்தில்தான் அந்நாட்டு நெசவாலைகளில் பெண்களும் சிறுவரும் நாள் முழுவதும் நின்று வேலை செய்தனர். ஆலைப் பெண்ணின் இருமலை அந்த அழகிய அடைமொழியால் எவரும் சுட்டியிருக்க மாட்டார்கள்.

நம் மொழியின் நிலை என்ன? தமிழில் ஒற்றைச் சொல் இத்தனை சுமையையும் தாங்கவில்லை. மென்மை, நுண்மை, நொய்மை, நயம், பக்குவம் என்று பொருள்கள் பிரிந்து நிற்கின்றன. அரிசி குற்றும்போது உடைந்து வீழ்ந்த குறுணைக்கு நொய் என்று பெயரிட்ட மொழி இது. உரலருகே பிறந்த சொல்லுக்கும் அரண்மனையில் பிறந்த சொல்லுக்கும் வேறுபாடு இராமற் போகாது. 'நாசூக்கு' அரண்மனைச் சொல். பாரசீகத்து 'நாசுக்' என்பதன் வழித்தோன்றல். மென்மை என்பதே அதற்கும் மூலப்பொருள். ஆட்சியாளரின் மொழியோடு வந்து, புண்படாமற் பேசும் சாமர்த்தியம் என்னும் அளவில் நம்மிடையே தங்கிவிட்டது. எண்ணிப் பார்த்தால், நம் மாணவன் அகராதியின் துணையின்றியே ஆங்கிலச் சொல்லுக்கு நெருங்கிய உறவினனைக் கண்டுபிடித்திருக்கிறான்.

எனினும் தமிழிலும் ஒரு முடிச்சு உண்டு. 'மெல்' என்னும் ஒரே வேரினின்று இரு சொற்கள் கிளைத்தன. ஒன்று மெல்லியலார், மற்றொன்று மெலியார். முன்னவர் காவியத்துத் தலைவியர். பின்னவர் வலியோரால் நெருக்கப்படுபவர். திருவள்ளுவர் இரண்டையும் எடுத்தாள்கிறார். காமத்துப்பாலில் தலைவியின் மென்மையைச் சொல்ல வந்தவர், அனிச்சப்பூவும் அன்னத்தின் இறகும் அவள் அடிக்கு நெருஞ்சிமுள்ளாகும் என்கிறார். அருளுடைமையை முடிக்குமிடத்திலோ, தன்னின் மெலியாரை வருத்தச் செல்பவன் தன்னின் வலியார்முன் தான் அஞ்சி நிற்பதை எண்ணிப் பார்க்கட்டும் என்கிறார். பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற நாளில் முன்னைய குறளை வியந்து நாமும் பக்கம் பக்கமாக எழுதியதுண்டு. பின்னைய குறளில் அதே வேர்ச்சொல் இருப்பதை அன்று எவரும் நமக்குச் சுட்டவில்லை, நாமும் கேட்கவில்லை.

அதற்காகப் பழைய இலக்கியத்தின் மென்மை முழுவதையும் நிலவுடைமையாளரின் சரக்கென்று ஒதுக்குவது அறிவுடைமையாகாது. அதே அனிச்சத்தை விருந்தோம்பலில் வள்ளுவர் வேறு வகையாகப் பயன்படுத்துகிறார். அப்பூ மோந்தால்தான் வாடும். விருந்தினரோ முகம் மாறி நோக்கினாலே வாடிவிடுவர் என்பது அதன் கருத்து. பிறர் மனம் எவ்வளவில் புண்படும் என்பதை அறியும் நுண்ணுணர்வே இங்கு மென்மை. கொழுந்து நிறுக்கும் தராசின்முன் கூடையை இறக்கிவைத்துவிட்டு நிறுப்பவர் முகத்தைப் பார்த்து நிற்கும் பெண்ணை ஒருமுறையேனும் கண்டவர்க்கு இக்குறளின் ஆழம் விளங்கும்.

இளங்கோவடிகளையும் இவ்விடத்தில் மறத்தலாகாது. புகாரை விட்டுப் புறப்பட்ட கண்ணகி ஒரு காவதம் நடப்பதற்குள் மூச்சு வாங்க, மதுரை எதுவென்று கேட்கிறாள். செல்வ வணிகன் மகளின் நடந்தறியாத கால்கள் அவை. அக்கேள்வி அன்றும் இன்றும் நம் நெஞ்சைத் தொடுகிறது. ஆனால் கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் தமிழகத்துக் கிராமங்களினின்று புறப்பட்டு, தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, காடு வழியாக மாத்தளை வரை நடந்த பெண்களும் மதுரை எது என்பது போன்றதொரு கேள்வியைக் கேட்டிருப்பார்கள் அல்லவா? அவர்களுட் பலர் வழியிலேயே மாண்டனர். நடந்து பழகிய கால்கள் என்பதனாற்போலும், அவற்றின் கொப்புளம் காவியம் ஏறவில்லை.

இனித் தோட்டத்திற்கு வருவோம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலே தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்த மலைகளில் நிற்கின்றன. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. கொழுந்து பறிப்போர் இரண்டிலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளவேண்டும். முற்றல் இலை சேர்ந்தால் தேநீர் கரடாகும். கூடையில் அமுக்கினால் கொழுந்து கசங்கி, ஸ்டோருக்குப் போகுமுன்பே கறுக்கத் தொடங்கும். ஆகவே அட்டை கடித்தாலும், சாக்குப் படங்கு நனைந்து கனத்தாலும், விரல்மட்டும் மெதுவாக இயங்கவேண்டும். விற்பனையாளர் இதனைப் பெண்களின் மென்விரல் என்று படம்போட்டுக் காட்டுகின்றனர். அவ்விரல்களை அருகிற் பார்த்தவர் சாயக்கறை படிந்து வெடித்த தோலைத்தான் காண்பர். மென்மை விரலில் இல்லை, வேலையில் இருக்கிறது. பல்லாண்டுப் பயிற்சியால் வந்த அத்திறமையை இயற்கை கொடுத்த குணம் என்று சொல்லிவிட்டால் அதற்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. கோப்பைத் தேநீரை உறிஞ்சித் துப்பி மதிப்பிடுபவரின் நாக்கு நுண்கலை. கொழுந்தைத் தேர்ந்து கிள்ளும் கையோ பயிற்சியற்ற உழைப்பு!

சம்பளப் பட்டியலில் இச்சொல் ஆடிய கூத்தோ இன்னும் விந்தையானது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ்த் தாழ்நாட்டுத் தோட்டங்களில் முதலில் விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம், சிறுவர்க்கு 30 சதம். ஆண், பெண் என்ற இவ்வேறுபாடு 1984 வரை ஏதோவொரு வகையில் நீடித்தது. விரல் மென்மையானது, ஆதலால் கொழுந்துக்கு அவளே தக்கவள். உடல் மென்மையானது, ஆதலால் அவளுக்குக் கூலி குறைவு. ஒரே சொல் காலையில் அவளை மலைக்கு அனுப்பியது, மாலையில் அவள் கூலியில் பத்துச் சதத்தை வெட்டியது. இலக்கண நூலார் இதனைச் சிலேடை என்பார்களோ என்னவோ!

இறப்பர்த் தோட்டத்தின் செய்தி இன்னும் நுட்பமானது. விடியுமுன்பே பால் நன்றாக ஓடும் ஆதலால் இருட்டிலேயே மரத்தடிக்குப் போகவேண்டும். சாய்வாகப் பட்டையைச் சீவும் கத்தி, மரத்தை வளர்க்கும் உட்படைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வெளியே நின்றுவிட வேண்டும். முன்னதாக நின்றால் பால் குறையும். ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டுப் புதுப்பட்டை ஒழுங்காக வளராது. ஒரு மயிரிழையைக் கைத்தலத்தால் அளக்கும் இவ்வேலையைச் செய்பவரைக் குறித்து எந்தப் பெட்டியிலும் எந்த அடைமொழியும் அச்சிடப்பட்டதில்லை.

நம் இலக்கியத் துறையிலும் இந்த அடைமொழிக்கு ஒரு வரலாறு உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் மரபுப் போராட்டம் நிகழ்ந்தபோது, முற்போக்கு எழுத்தாளர் பேச்சு வழக்கைக் கதைகளில் எழுதியதைப் பண்டிதர் சிலர் 'இழிசனர் வழக்கு' என்று பழித்தனர். மொழியின் மென்மை கெட்டது என்பதே முறையீடு. தமிழின் மென்மையை எவருடைய நாவில் வைத்து அளந்தார்கள் என்ற கேள்விக்கு அன்று தக்க விடை வரவில்லை. தாலாட்டையும் ஒப்பாரியையும் காத்தவர் அந்த 'இழிசனரே' என்பதற்கு, ஸி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு நாட்டார் பாடல்கள் சான்றாகும். கங்காணியை ஏசுவதும் பிள்ளையைத் தூங்க வைப்பதும் அங்கே ஒரே குரல். புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி' இலங்கைத் தோட்டத்தைப் பொருளாகக் கொண்டது. அதன் தலைப்பு, பிஜித்தீவுக் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பாடிய பாரதியை நினைவூட்டுவது. மருதியின் கதையைச் சொல்லும் அந்நடையில் கடுமையும் உண்டு, கனிவும் உண்டு. ஒன்றைப் பிரித்தெடுத்தால் மற்றொன்று நில்லாது.

பண்டிதர்மீது சொன்ன குறையை நம்மவர்க்கும் சொல்லவேண்டும். தோட்டத்தைப் பற்றி எழுதினாற் போதும், முழக்கமிட்டாற் போதும் என்று கருதும் எழுத்தாளர் நம்மிடையே இல்லாமலில்லை. அவர்தம் கதைகளில் தொழிலாளி எப்போதும் கைமுட்டியை உயர்த்தியே நிற்கிறான். மனைவியோடு பேசும்போதும் தீர்மானம் முன்மொழிவதுபோற் பேசுகிறான். பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு ஓடும் தாய் ஒருகணம் திரும்பிப் பார்ப்பதை எழுத அவர்களுக்கு நேரமில்லை. நுண்ணுணர்வை முதலாளிகளின் சொத்தென்று அவர்களே விட்டுக்கொடுத்துவிட்டனர். மேலும், மலையகம் என்றாலே அற்றனும் நுவரெலியாவும் என்றாகிவிட்டது. எட்டியாந்தோட்டையும் தெரணியகலவும் காவத்தையும் இறக்குவானையும் எத்தனை கதையில் வருகின்றன? பாலின் புளித்த நாற்றமும் புகைக்கூட்டில் தொங்கும் இறப்பர்த் தாள்களும் நம் இலக்கியத்தில் இன்னும் சரியாகக் குடியேறவில்லை.

ஆங்கிலச் சொல்லின் மற்றொரு பொருளையும் விட்டுவிடலாகாது. தொட அஞ்சும் விவகாரத்தையும் அச்சொல்லாலே குறிப்பர். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டதன் பின், அது மிக நுட்பமான பிரச்சினை என்று கொழும்பிலும் டில்லியிலும் ஆண்டுக்கணக்காகப் பேசினர். 1964 ஒக்ரோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அந்த நுட்பத்தை இலக்கமாக மாற்றியது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளப்படுவர். எந்த மனிதரிடமும் எவரும் கேட்கவில்லை. 1977இலும் 1981இலும் இரத்தினபுரிப் பகுதி லயங்கள் தாக்கப்பட்டு மக்கள் காட்டுக்குள் ஓடியதும் நுட்பமான விடயமாயிற்று; அதாவது, பேசப்படவில்லை. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் ஆண்டுக்கணக்கில் நுட்பமாகவே இருந்து 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் ஏறியது. வலியோர் ஒன்றைச் செய்ய விரும்பாதபோது அது எளிதில் உடைவதாகிவிடுகிறது. கையில் எடுப்பதே ஆபத்தாம்.

விடைத்தாளுக்குத் திரும்புவோம். 'பூஞ்சையான' என்ற விடைக்கு நாம் முழுப் புள்ளி கொடுத்தோம். இடத்திற்குப் பொருந்தாத சொல் என்று சகஆசிரியர் ஒருவர் கண்டித்தார். அவர் சொன்னது முறையே. தேயிலைப் பெட்டியில் அச்சொல்லை அச்சிட்டால் பெட்டி விற்காது. ஆயினும் புள்ளியை நாம் குறைக்கவில்லை. மறுநாள் வகுப்பில் பெட்டியின் மறுபக்கத்தையும் படித்தோம். நம் சப்ரகமுவத் தேயிலையை அங்கே மெல்லியது என்று சொல்லவில்லை. உடல் திரண்டது என்னும் பொருள்பட எழுதியிருந்தார்கள். சுவைப்போர் வழக்கில் சாயத்தின் கனத்திற்கு 'உடல்' என்று பெயர் என விளக்கினோம்.

அந்த மாணவி எழுந்து, "சேர், தேத்தண்ணிக்குக் கூட ஒடம்பு இருக்குமா?" என்று கேட்டாள்.

இம்முறை வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை.