மந்திரவாதி அட்டைப் புத்தகம்

நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரி அமைந்துள்ள ஆங் மோ கியோவில், காப்பிக்கடை மேசையைச் சூழ்ந்து அமரும் கணினி மாணவர் நால்வரிடையே வைத்தால், இருவரைப் பக்தர்களாகவும் இருவரை விரோதிகளாகவும் ஆக்கிவிடக்கூடிய கிரந்தம், ஹரால்ட் ஏபல்சனும் ஜெரால்ட் சஸ்மனும் ஜூலி சஸ்மனின் துணையோடு எழுதி 1985இல் வெளிவந்த ‘ஸ்ட்ரக்சர் அண்ட் இண்டர்பிரட்டேஷன் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராம்ஸ்’. அட்டைச் சித்திரத்தால் மந்திரவாதிப் புத்தகம் என்றே பிரசித்தி பெற்ற அதனை, கணிதத்தில் மூழ்கிப்போன, பிழைப்புக்கு உதவாத வறட்டு வேதாந்தமென்று தள்ளுவோரும், தம் கண்ணைத் திறந்த குருவென்று போற்றுவோரும் நெடுங்காலமாக உண்டு.

என் பட்சபாதத்தை மறைப்பானேன்? தொடக்கத்திலேயே வர்க்கமூலம் காணக் கற்பித்து, ஐந்தாம் அத்தியாயத்தில் மொழிமாற்றி ஒன்றையே கட்டிக்காட்டும் அந்நூல், மாறியின் மதிப்பை இடையில் மாற்றும் சர்வசாதாரண வசதியை மூன்றாம் அத்தியாயம் வரை விலக்கிவைத்து, பின்னர் அதனால் விளையும் விபரீதங்களோடு சேர்த்தே அறிமுகப்படுத்தும் நிதானம் அலாதியானது. அடுத்த வாரமே உத்தியோகம் தேடுபவருக்கு அதுவே உபத்திரவம் என்பதும் நியாயந்தான்.

ஸ்கீம் மொழியை ஆதாரமாகக் கொண்ட அதனைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் ஹென்ஸ், டோபியாஸ் ரிக்ஸ்டாடுடன் சேர்ந்து ஜாவாஸ்கிரிப்டுக்கு ஏற்ப மாற்றியமைக்க, எம்ஐடி பதிப்பகம் 2022இல் பிரசுரித்தது. பழைய அபிமானிகள் சிலர் இதனை அபசாரமென்று கருதக்கூடும். ஸ்கீமின் அடைப்புக்குறிகளைக் கண்டே மிரண்டு ஓடிய மாணவர்களுக்கோ, சந்தேகமின்றி, இது சகாயம்.