சம்பளத்தோடு ஒரு பட்டம்

பாசிர் ரிஸ் பிள்ளைகளுக்கு மென்பொருள் துறை தூரத்து ஊர் இல்லை. பக்கத்துத் தெம்பினிஸில் தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரி இருக்கிறது. எக்ஸ்போவை ஒட்டிய சாங்கி வர்த்தகப் பூங்காவில் வங்கிகளின் கணினிப் பிரிவுகள் இருக்கின்றன. பொங்கோலில் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் 2024இல் தன் புதிய வளாகத்துக்குக் குடிவந்துவிட்டது. பலதுறைத் தொழிற்கல்லூரியும் தேசிய சேவையும் முடித்து 22 வயதில் நிற்கும் பையனின் வீட்டில் அதனால்தான் இந்தப் பேச்சு எழுகிறது: முழுநேரம் படிப்பதா, சம்பளம் வாங்கிக்கொண்டே படிப்பதா?

இரண்டாவது வழியை ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கத்தின் வேலை-படிப்புப் பட்டக் கல்வி 2017இல் திறந்துவிட்டது. மென்பொருளும் அதில் உண்டு. ஒரு பருவம் வேலை, அடுத்த பருவம் படிப்பு என்று மாறி மாறிப் போவது ஒரு வகை. ஒரே வாரத்தைப் பிரித்துச் சில நாள் அலுவலகமும் சில நாள் வகுப்புமாகப் போவது இன்னொரு வகை. மென்பொருளுக்கு இந்த இரண்டாவது வகைதான் பொருந்தும் என்பேன்.

அலுவலகத்தில் ஓர் அறிக்கைப் பக்கம் திறக்க அரை நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். குழுவின் மூத்தவர் “இந்த இடத்தில் ஓர் இண்டெக்ஸ் போடு” என்கிறார். போட்டதும் பக்கம் சட்டென்று திறக்கிறது. வேலை முடிந்தது, ஆனால் ஏன் முடிந்தது என்பது பயிற்சி ஊழியருக்குத் தெரியாது. அதே வாரம் தரவுத்தள வகுப்பில், இண்டெக்ஸ் தேடலைச் சுருக்கும் விதத்தையும், ஒவ்வொரு புதிய பதிவின்போதும் அதையும் திருத்த வேண்டியிருப்பதால் எழுதும் வேகம் குறைவதையும் படிக்கிறார். மறுநாள் மூத்தவரிடம் அவர் கேட்கும் கேள்வியே வேறு: “நாள் முழுக்கப் பதிவு விழும் அட்டவணைக்கு இத்தனை இண்டெக்ஸ் தேவையா?” இப்படி ஒரு கேள்வியைப் பிறக்க வைப்பதுதான் இந்தக் கல்விமுறையின் உயிர். அந்தப் பாடம் ஆறு மாதம் கழித்து வந்தால், பிரச்சினையின் சூடே ஆறியிருக்கும்.

பிறர் எழுதிய நிரலைப் படிக்கப் பழகுவது இன்னொரு பெரிய லாபம். வகுப்புப் பயிற்சிகள் பெரும்பாலும் வெறுமையிலிருந்து தொடங்குகின்றன. அலுவலகத்தில் கையில் தருவதோ பல ஆண்டுகள் பலர் கைபட்ட நிரல்; எழுதியவர்களில் பலர் வேலை மாறிப் போயிருப்பார்கள். அதில் ஒரு வரியை மாற்ற அஞ்சி, சோதனை எழுதி, கோட் ரிவ்யூ எனும் நிரல் மறுஆய்வில் சகாக்களுக்குப் பதில் சொல்லித் தேறும் பக்குவத்தைப் பாடத்திட்டத்தால் மட்டும் தர முடியாது. சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் மற்ற மாணவர்களும் 8 முதல் 12 மாதம் நிறுவனங்களில் பணிபுரிகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்களுடைய படிப்பை ஏட்டுப் படிப்பு என்று ஒதுக்குவது நியாயம் ஆகாது.

குறைக்கு வருவோம். பக்கத்து நாற்காலியில் யார் அமர்கிறார் என்பதைப் பொறுத்து எல்லாமே மாறிவிடுகிறது. நல்ல வழிகாட்டி வாய்த்தவர் ஓராண்டில் ஒரு சிறு பகுதியின் வடிவமைப்பையே ஏற்றுச் செய்வார். வாய்க்காதவர் பட்டியலை வைத்துக்கொண்டு பொத்தான்களை அழுத்திச் சோதித்தே பருவத்தைக் கழிப்பார். இருவர் பட்டத்திலும் ஒரே எழுத்துதான் இருக்கும். முன்பு புதியவர்களுக்கென்று விட்டுவைத்த சின்னத் திருத்தங்களை இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் செய்து தருவதால், அந்த முதல் படி இன்னும் ஒடுங்குகிறது. திருத்தத்தைப் பயிற்சி ஊழியர் செய்ய ஒரு நாள் ஆகும் என்று தெரிந்தும் அவரிடமே கொடுக்கும் நிறுவனம்தான் உண்மையில் கற்பிக்கிறது.

படிப்பு நாளில் அலுவலகம் புகுந்துகொள்வதும் சிறிய குறை அன்று. வெளியீட்டுத் தேதி நெருங்கினால் வகுப்பு நடக்கும்போதே “ஒரு நிமிடம் பார்க்க முடியுமா?” என்ற செய்தி வந்து விழும். வேலையில் சேர்ந்து சில மாதமே ஆனவர் மேலாளரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வார்? இங்கிலாந்தில் பணிப்பயிற்சிப் பட்டம் 2015இல் தொடங்கியது. அங்கே கற்பதற்கான நேரம் வேலை நேரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது விதி. முதலில் அதை 20 விழுக்காடு என்று வைத்தார்கள், 2022இல் வாரத்துக்குக் குறைந்தது 6 மணி நேரம் என்று கணக்கிட்டார்கள். நேரத்தை மாணவரின் துணிச்சலிடம் விடாமல் விதியிடம் விட்டதுதான் அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

தென்காசி வரை போய்ப் பட்டமில்லாமலேயே பிள்ளைகளை மென்பொருளுக்குப் பழக்கும் ஸோஹோ நிறுவனத்தை உதாரணம் காட்டிச் சிலர் பட்டமே எதற்கு என்பார்கள். ஸோஹோ தன் பிள்ளைகளுக்குத் தானே வேலையும் தருகிறது. சிங்கப்பூரில் வேலை மாற நினைப்பவருக்குச் சான்றிதழ் இன்னும் கதவு திறக்கிறது. ஒரே நிறுவனத்தின் கருவிகளுக்குள் நான்காண்டு முடங்கியவருக்கு அந்தக் கதவு கூடுதலாகவே தேவை.

ஆகவே பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். சம்பளத் தொகையைப் பார்த்ததும் கையெழுத்திடாதீர்கள். வழிகாட்டி யார், முதல் ஆறு மாதத்தில் என்ன வேலை, படிப்பு நாளில் அழைத்தால் ஈடாக எந்த நாளைத் தருவார்கள், பட்டம் பெற்றபின் எவ்வளவு காலம் அங்கேயே இருக்க வேண்டும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் நிறுவனத்தைவிட முழுநேரப் படிப்பே மேல்.