‘அல்-ஃபதாத்’: அரபுப் பெண்கள் இதழியலின் தொடக்கம்

அரபு உலகில் பெண் விடுதலைச் சிந்தனையின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் 1899இல் கெய்ரோவில் வெளியான காஸிம் அமீனின் ‘தஹ்ரீர் அல்-மர்ஆ’ (பெண் விடுதலை) நூலிலிருந்து தொடங்குகிறார்கள். பெரும் சர்ச்சையைக் கிளப்பிய நூல் அது. அதன் இடத்தை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1892 நவம்பரில், அலெக்ஸாந்திரியாவில் ஹிந்த் நவ்ஃபல் என்ற இளம்பெண் ‘அல்-ஃபதாத்’ (இளம்பெண்) என்ற மாத இதழைத் தொடங்கியிருந்தார். ஒரு பெண்ணே ஆசிரியராக இருந்து பெண்களுக்கென நடத்திய முதல் அரபு இதழ் அது. வரலாற்றை 1899இல் தொடங்கினால் பெண்கள் ஓர் ஆணின் வாதத்துக்குப் பொருளாகிறார்கள். 1892இல் தொடங்கினால் அவர்களே எழுதுபவர்களாகவும் இதழ் நடத்துபவர்களாகவும் தெரிகிறார்கள். நவ்ஃபலின் சாதனையை அவர் முன்வைத்த கருத்துகளைக் கொண்டு அளப்பதைவிட, பெண்கள் தம் பெயரிட்டு எழுத அவர் அமைத்துத் தந்த களத்தைக் கொண்டு அளப்பதே பொருத்தம்.

அந்தக் களம் திடீரென முளைத்துவிடவில்லை. நவ்ஃபல் குடும்பம் இன்றைய லெபனானின் திரிப்போலியிலிருந்து எகிப்துக்கு வந்தது. உதுமானிய சுல்தான் அப்துல் ஹமீதின் தணிக்கைக் கெடுபிடி சிரியப் பகுதி எழுத்தாளர்கள் பலரை எகிப்துக்குத் தள்ளிய காலம் அது. ‘அல்-அஹ்ராம்’ நாளிதழும், 1892இலேயே ஜுர்ஜி ஸைதான் தொடங்கிய ‘அல்-ஹிலால்’ மாத இதழும் சிரியப் பகுதியிலிருந்து வந்தவர்களின் முயற்சியால் பிறந்தவையே. ஹிந்துக்குத் தாய்வழிச் சொத்தும் இருந்தது. தாய் மர்யம் அல்-நஹ்ஹாஸ், புகழ்பெற்ற பெண்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுக்கும் பெரும் பணியில் இறங்கி, 1888இல் மறைந்தவர். தாய் கடந்தகாலப் பெண்களின் வாழ்வைத் திரட்டினார். மகள் சமகாலப் பெண்களை எழுதவைத்தார்.

இதழின் முதல் அறிவிப்பு கூர்ந்து படிக்கத்தக்கது. அரசியலிலும் மதச் சர்ச்சைகளிலும் இறங்கப்போவதில்லை என்று அது சொன்னது. பெண்களைக் கட்டுரை அனுப்பச் சொல்லி, இதழில் எழுதுவதால் ஒரு பெண்ணின் நாணத்துக்கோ ஒழுக்கத்துக்கோ பங்கம் வந்துவிடாது என்று உறுதியளித்தது. அன்று நல்ல குடும்பத்துப் பெண்ணின் பெயர் அயலார் கண்ணில் படுவதே பிழையாகக் கருதப்பட்டது. அந்தத் தயக்கத்தைத்தான் நவ்ஃபல் முதலில் எதிர்கொண்டார். அழைப்புக்குச் செவிசாய்த்தவர்களில் ஒருவர் ஜைனப் ஃபவ்வாஸ். பின்னாளில் நானூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் வாழ்க்கைக் குறிப்புகள் கொண்ட கலைக்களஞ்சியத்தை வெளியிட்டவர் அவர். அந்தத் தயக்கம் தளர்ந்ததற்கு 1896இல் இன்னொரு சான்று கிடைக்கிறது. ஸலீம் ஸர்கிஸ் என்ற ஆண் பத்திரிகையாளர், மர்யம் மஸ்ஹர் என்ற பெண் பெயரைப் புனைந்துகொண்டு ‘மிர்ஆத் அல்-ஹஸ்னா’ என்ற பெண்கள் இதழை நடத்தினார். மறைக்கவேண்டியதாக இருந்த பெண் பெயர், நான்கே ஆண்டுகளில் ஓர் ஆண் கடன்வாங்கும் அளவுக்கு மதிப்புப் பெற்றுவிட்டது.

இந்த மதிப்பீட்டுக்கு மறுப்புகள் உண்டு. 1893இல் திருமணம் செய்துகொண்ட நவ்ஃபல் அடுத்த ஆண்டே இதழை நிறுத்திவிட்டார். இரண்டாண்டுகூட முழுமையாக நடக்காத இதழுக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்று கேட்கலாம். எழுத்தறிந்த பெண்கள் மிகச் சிலரே இருந்த நாட்டில், குடிபெயர்ந்து வந்த கிறிஸ்தவ நடுத்தர வர்க்கத்தின் முயற்சி அது என்றும், குடும்பப் பெண்ணின் இலட்சணங்களைப் போற்றிய அதன் குரல் பழமையானது என்றும் சொல்லலாம். இவற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு வடிவத்தின் வலிமை, அதைத் தொடங்கியவரோடு உடன்படாதவர்களும் அதை எடுத்தாள்வதில் தெரியும். அலெக்ஸாந்திரா அவியெரினோ 1898இல் ‘அனீஸ் அல்-ஜலீஸ்’ இதழைத் தொடங்கினார். 1908இல் ஃபாத்திமா ராஷித், இஸ்லாமிய நெறியில் நின்று பெண்ணுரிமை பேச ‘தர்கியத் அல்-மர்ஆ’வை வெளியிட்டார். எகிப்திய முஸ்லிமான மலக் ஹிஃப்னி நாஸிஃப் பொது நாளிதழிலேயே பெண்கள் நிலை பற்றிய கட்டுரைகளை எழுதினார். குடிபெயர்ந்தோர் வட்டத்தை இந்தக் களம் விரைவிலேயே தாண்டிவிட்டது. பழமைக் குரல் என்ற குற்றச்சாட்டையும் சூழலோடு வைத்தே பார்க்கவேண்டும்: பெண் எழுதலாமா என்ற கேள்வியே முடிவாகாத காலத்தில், இல்லறம் பற்றிய கட்டுரையின் அடியில் ஒரு பெண் பெயரிடுவதே புதுமை.

ஆயுட்காலம் பற்றிய கேள்விக்கு விடை லபீபா ஹாஷிம். பெய்ரூட்டில் பிறந்த அவர் 1906இல் கெய்ரோவில் தொடங்கிய ‘ஃபதாத் அல்-ஷர்க்’ (கிழக்கின் இளம்பெண்) 1939 வரை நீடித்தது. எகிப்தியப் பல்கலைக்கழகத்தில் அவர் பெண்களுக்கு விரிவுரை ஆற்றினார். டமாஸ்கஸில் ஃபைசல் தலைமையிலான அன்றைய அரபு அரசு அவரைப் பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக நியமித்தது. பிறகு சிலி சென்று சான்டியாகோவில் ஓர் அரபு இதழையும் நடத்தினார். நவ்ஃபலுக்கு இரண்டாண்டுகூட வாய்க்காத பணி, ஹாஷிமின் கையில் வாழ்நாள் தொழிலாயிற்று. ஆகவே இந்த இதழ்களைக் காஸிம் அமீனின் நூலுக்கு அடிக்குறிப்பாக வைப்பது வரலாற்றைத் தலைகீழாக்குவது. பெண்களே நடத்திவந்த விவாதத்துக்குள் பிறகு வந்து சேர்ந்த நூல் என்றே அதை இலக்கிய வரலாறு வாசிக்கவேண்டும்.