நுண்ணோக்கி எவர் கையில்?

உயிரியல் என்பது உயிருள்ளவற்றைப் பற்றிய கல்வி. அதனை உயிரற்ற படங்களைக் கொண்டே நடத்தி முடிக்கும் விந்தை பள்ளிகளில் நெடுநாளாக நிகழ்ந்து வருகிறது. இலையின் குறுக்குவெட்டை வரைந்து பெயர் குறிக்கும் மாணவன், பெரும்பாலும் ஓர் இலையை வெட்டிப் பார்த்தவன் அல்லன். இக்குறைக்கு மாற்றாக, ஊரார் பொதுவில் வைத்து நடத்தும் உயிரியற் கூடம் என்னும் எண்ணம் மேனாட்டில் எழுந்தது. நியூயார்க்கின் புருக்ளின் பகுதியில் 2010இல் தோன்றிய ஜென்ஸ்பேஸ் அத்தகைய கூடங்களுள் முன்னோடி. கெடாவின் தோட்டங்களுக்கும் பட்டணங்களுக்கும் இவ்வெண்ணம் எவ்வுருவில் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

புருக்ளின் கூடத்தின் நாட்டம் மரபணுவில். அதனை அப்படியே பெயர்த்துச் சுங்கை பட்டாணியில் நட்டால் வேர் பிடிக்காது. தோட்டத்துப் பிள்ளைக்கு முதலில் வேண்டுவது தன் காலடியில் உள்ளதைக் காணும் கண். மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் 1981க்கு முன், மகரந்தப் பொடியைப் பெண்பாளை மீது தூவுவது தொழிலாளரின் கைவேலையாக இருந்தது. அவ்வாண்டில், ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞரின் ஆராய்ச்சிப் பயனாக, காமரூன் நாட்டுக் கூன்வண்டு இங்குக் கொணர்ந்து விடப்பட்டது. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அவ்வண்டு ஆண்பாளையில் பிறந்து வளரும்; பெண்பாளையின் மணத்தை நாடிச் செல்லும்போது மகரந்தத்தையும் சுமந்து செல்லும். மனிதர் செய்த வேலையை அது ஏற்றுக்கொண்டது. பூத்த ஆண்பாளையை ஒரு பைக்குள் உதறினால் வண்டுகள் ஏராளமாக விழும்; அவற்றின் மேனியில் ஒட்டிய பொடியை எளிய நுண்ணோக்கியிலேயே காணலாம். வகுப்பறையிலோ மகரந்தச் சேர்க்கைக்கு இன்னமும் செம்பருத்திப் படமே காட்டப்படுகிறது!

பால்மரத்தின் செய்தியும் இதுவே. உளியின் வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து செல்வதேன்? பட்டையினுள் உள்ள பாற்குழல்கள் செங்குத்தாக நில்லாமல், மேலேறும்போது சற்றே வலப்புறம் சாய்கின்றன. ஆதலின் அச்சரிவில் வெட்டினால் குழல்கள் மிகுதியாகத் திறக்கும். அவ்வாறு சீவிய தாய் தந்தையர் பலர். பட்டையின் மெல்லிய சீவலைக் கண்ணாடித் தகட்டில் வைத்துக் காரணத்தைக் கண்ட பிள்ளைகள் மிகச் சிலர். பால்மரம் குறைந்து செம்பனை பெருகிய தோட்டங்களில், அக்கையறிவும் பெற்றோரோடு மறைந்து வருகிறது.

கருவி விலை மிகுதி என்ற சாக்கு இனிச் செல்லாது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் 2014இல் வெளியிட்ட மடக்குக் காகித நுண்ணோக்கியின் உறுப்புகளுக்கு ஒரு டாலரும் ஆகாது. பரவலாக வழங்கப்படும் வகை 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். ஆனால் கருவி மலிந்தால் கல்வியும் மலிந்துவிடும் என்று கொள்வது பிழை. கேள்வி பிறவாத இடத்தில் நுண்ணோக்கி இரண்டு நாள் விளையாட்டுப் பொருள். மூன்றாம் நாள் அலமாரிக்குப் போய்விடும்.

கேள்வியைப் பிறப்பித்த முயற்சி ஒன்று இந்தியாவில் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில், 1972இல் 16 பள்ளிகளில் அது தொடங்கியது. கிஷோர் பாரதி என்ற நிறுவனமும் நண்பர் கிராமிய மையமும் அதனை நடத்தின. டாட்டா ஆராய்ச்சி நிலையத்தை விட்டு வந்த உயிர்வேதியியலார் அனில் சட்கோபால் முன்னின்றார். பிள்ளைகள் சிறு குழுக்களாகத் தாமே சோதனை செய்தனர். பாடநூல் விடை தரவில்லை, வினவியது. நூலைத் திறந்து வைத்துக்கொண்டே தேர்வு எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. சவாலிராம் என்னும் கற்பனை மனிதருக்குப் பிள்ளைகள் ஐயங்களை மடலாக எழுதினர். ஆசிரியர்கள் விடுமுறையில் பயிற்சி பெற்றதோடு, மாதந்தோறும் கூடித் தம் இடர்ப்பாடுகளைப் பேசினர். இக்கடைசிச் செய்தியே தலையாயது. ஓரிரு நாள் பயிலரங்கில் ஆசிரியர் உருவாவதில்லை.

எனினும் 2002இல் மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்தியது. முப்பதாண்டு உழைப்பு ஓர் ஆணையில் முடிந்ததற்குக் காரணம், அது பள்ளி நேரத்தையும் அரசின் இசைவையும் சார்ந்து நின்றமை. ஊர்ப் பொதுக்கூடமாகவும் அது ஒரு கால் ஊன்றியிருந்தால் கதை வேறாகியிருக்கலாம்.

கெடாவில் இக்குறிப்புக்குப் பயன் உண்டு. 150 மாணவருக்கும் குறைந்த தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றும் தனித்தனியே நிறைவான கூடம் அமைப்பது கடினம். அறிவியல் விழாக்களும் புத்தாக்கப் போட்டிகளும் தோட்டப் பிள்ளைகளை மேடையேற்றிப் பெரும்பணி புரிந்துள்ளன. ஆயினும் போட்டியின் இயல்பு பொறுக்கியெடுப்பது. நால்வர் பரிசு பெற, நாற்பதின்மர் கைதட்டுவர். அந்நாற்பதின்மரே இடைநிலைப் பள்ளியில் வேறு மொழியில் நுண்ணோக்கியை முதன்முறை தொட்டு, அறிவியல் தமக்குரியதன்று என ஒதுங்கக்கூடியவர்.

கூலிம், பீடோங், சுங்கை பட்டாணி ஆகிய பட்டணங்களில் அண்டைப் பள்ளிகள் கூடி ஒரு பொதுக்கூடம் வைக்கலாம். 2001இல் தொடங்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் செமிலிங்கில் இருக்கிறது; அங்குப் பயிலும் இளைஞர்களைச் சனிக்கிழமைகளில் துணைக்கு அழைக்கலாம். தோட்டத்திலிருந்து வரும் வண்டிச் செலவைக் கணக்கில் முதலில் எழுத வேண்டும். கருவிகளின் விலை அதற்கு அடுத்தது. வர இயலாத பிள்ளைகளுக்காகப் பத்து நுண்ணோக்கிகளை ஒரு பெட்டியில் இட்டுத் தோட்டந்தோறும் அனுப்பினாலும் நன்றே. பெட்டியோடு ஓர் ஆசிரியரும் செல்ல வேண்டும்.